விலை குறைந்த குளூட்டன் இல்லாத தின்பண்டம்: பிராண்ட் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளூட்டன் என்பது கோதுமை போன்ற சில தானியங்களில் இருக்கும் புரதம். அது இல்லாத தின்பண்டத்தை இரண்டு வகையான ஆட்கள் வாங்குகிறார்கள். ஒருவர் ஒரு மாறுதலுக்காக வாங்குபவர். பாக்கெட் கண்ணுக்குப் பிடித்தால் எடுப்பார், இல்லையென்றால் வைத்துவிட்டுப் போவார். இன்னொருவர் சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் சேதமாகும் நோய்) உள்ளவர், அல்லது அந்த நோய் உள்ள பிள்ளையின் அம்மா, அப்பா. உலகில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இது இருக்கிறது. குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் சிகிச்சை. விலை குறைய வேண்டும் என்று உண்மையில் ஏங்குவது இவர்தான், ஏனென்றால் இவருக்கு வேறு வழியில்லை. ஆனால் பல பிராண்டுகள் முதல் ஆளை மனதில் வைத்தே உருவாகின்றன. கீழே வரும் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கண்ணை உறுத்தும் தவறு, பாக்கெட்டில் கோதுமைக் கதிர் வரைவது. 'இயற்கையானது' என்று காட்ட வேண்டுமா, வடிவமைப்பவரின் கை தானாகவே கதிர் படத்துக்குப் போய்விடுகிறது. லோகோவைச் சுற்றி இரண்டு கதிர் வளைந்து நிற்கும், நடுவில் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதியிருக்கும். சீலியாக் உள்ளவர் அந்தக் கதிரைப் பார்த்ததுமே கையை எடுத்துவிடுவார். சரி, கதிரின் மேல் ஒரு கோடு போட்டுவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். குறுக்குக் கோடு போட்ட கதிர்ச் சின்னம் சீலியாக் அமைப்புகள் உரிமம் கொடுத்து அனுமதிக்கும் பதிவு பெற்ற வணிகச் சின்னம். அதைப் போலவே ஒன்றை வரைந்து ஒட்டுவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அந்தச் சின்னத்தை நம்பி வாங்குபவரை ஏமாற்றுவதும்கூட.

அடுத்தது வாசகம். 'கோதுமை சேர்க்கப்படவில்லை' என்பதும் 'குளூட்டன் இல்லாதது' என்பதும் ஒன்றல்ல. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் குளூட்டன் உண்டு. சுவைக்காகச் சேர்க்கும் மால்ட் சாறு பெரும்பாலும் பார்லியிலிருந்துதான் வருகிறது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாத உணவைத்தான் குளூட்டன் இல்லாதது என்று சொல்லலாம். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இதே அளவைத்தான் வைத்திருக்கின்றன. சில நாடுகளில் விதி இன்னும் கடுமை. ஆகவே பரிசோதனை முடிவு கைக்கு வரும் முன்பே அந்த வாசகத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். முன்பக்கம் 'குளூட்டன் இல்லாதது' என்றும் பின்பக்கம் 'கோதுமைத் தடயங்கள் இருக்கலாம்' என்றும் போடுவதைவிட மோசமான வடிவமைப்பு கிடையாது. வாங்குபவர் எதை நம்புவார்?

இனி விலை. 'மலிவு' என்று முன்பக்கத்தில் பெரிய வெடிப்பு வடிவம் போட்டால், இந்த வாடிக்கையாளருக்கு வரும் முதல் கேள்வி 'எதில் குறைத்தார்கள்?' என்பதுதான். அதற்குப் பயந்து கறுப்புப் பின்னணி, தங்க எழுத்து என்று போனால், விலையைப் பார்க்காமலேயே 'இது நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுவார். என்னைக் கேட்டால் வெளிர்ப் பின்னணி, பெரிய எழுத்து, எளிதில் கண்ணில் படும் விலை, இவ்வளவு போதும்.

செலவை எங்கே குறைக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். பாக்கெட் படலங்களை உருளைகளால் அச்சிடும் கிராவ்யூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை பொறிக்க வேண்டும். 5 சுவைகள், ஒவ்வொன்றுக்கும் 6 நிறங்கள் என்றால் 30 உருளைகள். எல்லாச் சுவைக்கும் பொதுவாக 3 நிறங்கள், சுவைக்கு ஒரே ஒரு தனி நிறம் என்று திட்டமிட்டால் 8 உருளைகளில் வேலை முடியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சேர்மானப் பட்டியல் சுவைக்குச் சுவை மாறும் என்பதால், அந்தத் தனி நிறத்தில்தான் அதையும் அச்சிட வேண்டும். ஆகவே எலுமிச்சைச் சுவைக்கு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலைப் படிக்கவே முடியாது; கரும்பச்சை போல அடர்ந்த நிறம் வேண்டும். இதற்கு மாற்றாக ஒரே பொதுப் பையில் சுவைக்கேற்ப ஸ்டிக்கர் ஒட்டலாம் என்ற யோசனை பலருக்கு வரும். ஸ்டிக்கர் மாறிப்போனால் சேர்மானப் பட்டியலே மாறிப்போகும், அதனால் இந்த வகை உணவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பலர் யோசிக்கவே யோசிக்காத இடம், பெரிய பைக்குள் வரும் சின்னப் பாக்கெட்டுகள். விவரம் எல்லாம் வெளிப்பையில் இருக்கும், உள்ளே வெறும் லோகோ மட்டும். பிறந்தநாள் விருந்தில் ஒரு குழந்தையின் கையில் போய்ச் சேர்வது அந்தச் சின்னப் பாக்கெட்தான். வெளிப்பை அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். 'குளூட்டன் இல்லாதது' என்ற வரியும் சேர்மானப் பட்டியலும் ஒவ்வொரு சின்னப் பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். அதுவும் ஒட்டு மடிப்புக்குள் போய்விடாத இடத்தில், பளபளக்கும் உலோகப் படலத்தின் மேல் வெள்ளை எழுத்தாக இல்லாமல்.

உடல் இளைக்கும், ஆரோக்கியம் கூடும் என்றெல்லாம் எழுதாதீர்கள். குளூட்டனை எடுத்துவிட்டால் மட்டும் ஒரு தின்பண்டம் சத்தானதாகிவிடாது. மாவுச்சத்து மாவுகளில் செய்தால் நார்ச்சத்து குறைவாகவும் இருக்கலாம்.

அப்புறம், நாளைக்கே சாதாரணத் தின்பண்டமும் இதே பெயரில் விற்கத் தோன்றும். அதே நிறம், அதே அமைப்பு, ஓரத்தில் ஒரு சின்ன வரி மட்டும் வேறு என்று விட்டால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள். அந்தச் சாதாரணத் தின்பண்ட வரிசைக்கு வேறு பெயரே வைத்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாதிரியை நிஜ அளவில் எடுத்து, சீலியாக் உள்ள சிலரிடம் கொடுத்து, 'இதை நீங்கள் சாப்பிடலாமா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேடினால், வடிவமைப்பு இன்னும் முடியவில்லை.