பிரிசர்வேட்டிவ் ஹலாலா? லேபிளைப் படித்துச் சோதிக்கும் முறை

ஊறுகாய், ஜாம், பிரெட், எதை எடுத்தாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். எண்ணைக் கண்டதுமே ஹராம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே அரைச் சோதனைதான். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளில் பெரும்பாலும் சிக்கலே கிடையாது. சிக்கல், அதே வரியில் பக்கத்தில் நிற்கும் எமல்சிஃபையரிலும் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலக்கச் சேர்ப்பது) ஃபிளேவரிலும் இருக்கிறது.

முதலில் ‘பிரிசர்வேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் ஐ.என்.எஸ். எண்ணை, அதாவது உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான சர்வதேச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 211 சோடியம் பென்சோயேட். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுயீனில் தொடங்கித் தயாராவது. 202 பொட்டாசியம் சார்பேட், 223, 224 மெட்டாபைசல்ஃபைட்கள், பிரெட்டில் வரும் 282 கால்சியம் புரோப்பியோனேட் எல்லாமே தொழிற்சாலை ரசாயனங்கள். விலங்குக் கொழுப்புக்கு அங்கே வேலையில்லை. எண் இல்லாமல் ‘கிளாஸ் 2 பிரிசர்வேட்டிவ்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பெயரை வைத்தே ஹராம் என்று பயப்பட வேண்டாம். உப்பு, சர்க்கரை, வினிகர், எண்ணெய் போன்றவை கிளாஸ் 1; பென்சோயேட், சல்ஃபைட் போன்றவை கிளாஸ் 2. அது உணவுச் சட்டத்தின் பிரிவு, மார்க்கத்தின் பிரிவு அல்ல.

நின்று பார்க்க வேண்டியவை சில. 234 நைசின், புராசஸ்டு சீஸில் வரும். பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. எந்த ஊடகத்தில், அதாவது எந்தச் சத்துக் கலவையில் வளர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். பாலாக இருக்கலாம், இறைச்சியிலிருந்து எடுத்த பெப்டோன் என்ற புரதச் சத்தாகவும் இருக்கலாம். 1105 லைசோசைம் வழக்கமாகக் கோழி முட்டை வெள்ளைக்கருவிலிருந்து வருவது, அதில் தடையில்லை. சாசேஜ், சலாமியில் வரும் 250 நைட்ரைட் வெறும் உப்பு வகை. அங்கே கேட்க வேண்டியது அறுப்பு முறையையும் மேலுறை எதில் செய்தது என்பதையும்தான்.

அடுத்து, புள்ளி. பச்சைப் புள்ளி இருந்தால் விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின், பூச்சியிலிருந்து எடுக்கும் 120 கார்மைன் எதுவும் இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆல்கஹாலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. முட்டை சேர்த்த கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: முட்டைக்காகவே முக்கோணம் வந்துவிடும். அதே கேக்கில் உள்ள எமல்சிஃபையரான 471-க்கு மூலம் தாவர எண்ணெயா, விலங்குக் கொழுப்பா என்பது அந்தக் குறியில் தெரியாது. 472இ, 481 ஆகியவற்றுக்கும் இதே கேள்விதான். மாவை மென்மையாக்கும் 920 எல்-சிஸ்டீன் என்றால் இறகு, முடி, நுண்ணுயிர் என மூன்று வழியும் உண்டு; மூலத்தைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது.

சேலத்தில் தெருவுக்குத் தெரு உள்ள பேக்கரிகளில் பிரெட்டும் பன்னும் லேபிள் இல்லாமலே கிடைக்கும். ‘ஹலாலா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய் சொல்லவில்லை, கேள்வி சரியில்லை. ‘பிரெட் இம்ப்ரூவர் (பிரெட் மாவில் சேர்க்கும் கலவைப் பொடி) பாக்கெட்டைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். எமல்சிஃபையர் எண்கள் அந்தப் பாக்கெட்டில்தான் இருக்கும். கேக் ஜெல், எசன்ஸ் பாட்டில் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

எசன்ஸில்தான் ஆல்கஹால் ஒளிந்திருக்கும். ஃபிளேவரைக் கரைக்க எத்தனால், புரொப்பிலீன் கிளைகால், எண்ணெய் எதையும் பயன்படுத்தலாம். லேபிளில் ‘ஃபிளேவர்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். ஏற்காட்டில் வாங்கும் ஹோம்மேட் சாக்லேட்டில் ரம் வகை உண்டா என்று கேளுங்கள். இருந்தால், மற்ற வகைகளும் அதே பாத்திரத்தில் செய்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

வினிகரில் ‘சிந்தெடிக், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது’ என்று போட்டிருந்தால் சிக்கல் இல்லை, விஷயம் முடிந்தது. ஒயின் வினிகர் என்றால் நீங்கள் பின்பற்றும் மத்ஹபை, அதாவது மார்க்கச் சட்டப் பள்ளியைப் பொறுத்தது. வேறொன்றைச் சேர்த்து மதுவைக் காடியாக்கினாலும் ஹனஃபியில் ஆகும், ஷாஃபிஈயில் ஆகாது. உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் மிச்சமிருந்தால் லேபிளில் உள்ள நுகர்வோர் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு மூன்றே கேள்வி: 471-இன் மூலம் தாவரமா, விலங்கா? ஃபிளேவர் எதில் கரைத்தது? நைசின் இருந்தால் எந்த ஊடகம்? ‘எங்கள் பொருள் சைவம்’ என்று பதில் வந்தால் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம், மறுபடி எழுதுங்கள். பதில் வரும்வரை அது முஷ்தபஹ்தான், அதாவது சந்தேகத்துக்குரியதுதான், வாங்காமல் இருப்பது நல்லது.

ஹலால் முத்திரை இருந்தாலும் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பொருளின் பெயர், தொழிற்சாலை முகவரி, சான்று செல்லும் காலம் மூன்றும் கையிலுள்ள பாக்கெட்டோடு பொருந்த வேண்டும். அதிகம் தவறுவது முகவரியில்தான். ஒரே பிராண்டை இரண்டு மூன்று ஊர்களில் தயாரிப்பார்கள், சான்று ஓர் ஊருக்கு மட்டும் இருக்கும். பல பாக்கெட்டுகளில் பேட்ச் எண்ணின் முதல் எழுத்து எந்த ஆலை என்பதைச் சொல்லும். அதற்குரிய முகவரியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் கீழே அச்சிட்டிருக்கும். பாக்கெட்டின் வடிவம் மாறினால் பொருட்பட்டியலை முதலிலிருந்து படியுங்கள்.