காவலர்கள் நடத்தும் இலவச மாலை நேரச் சிறார் மன்றம்: தொடங்கும் முறை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பெற்றோர் வீடு திரும்ப இரவாகிவிடுவதால், பள்ளி விட்ட பின் பிள்ளைகள் கேட்பாரின்றி இருக்கும் அந்த நேரத்தைக் கணக்கில் கொண்டே மன்றத்தின் நேரத்தை அமைக்க வேண்டும்.

காவல் நிலைய வளாகம் இதற்கு ஏற்ற இடமன்று. குடியிருப்புக்கு அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பறையையோ சமுதாயக் கூடத்தையோ கேட்டுப் பெறலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தைகள் நலக் காவல் அலுவலரே பொறுப்பேற்பது பொருத்தம். காவலர்கள் சீருடையின்றி வர வேண்டும். பெண் காவலர் ஒருவர் உட்பட பெரியவர் இருவரேனும் எப்போதும் உடனிருக்க வேண்டும்.

முதலில் சுண்டலோ கடலை உருண்டையோ கொடுங்கள். பசியோடு வரும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் ஏறாது. பிறகு பாடம், அதன்பின் கபடி, சிலம்பம், கேரம். ஒடிசா, பிகார் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒடியாவோ இந்தியோ தெரிந்த தன்னார்வலர் துணை அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, அக்கம்பக்கத்தில் யார் கஞ்சா விற்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் ஒருபோதும் துப்புக் கேட்கக் கூடாது. அப்படி ஒருமுறை கேட்டாலும் பிள்ளையின் பாதுகாப்பும் குடும்பத்தின் நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும். ஆனால் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பிள்ளை தானாகச் சொன்னால், குறுக்கு விசாரணை செய்யாமல் பொறுமையாகக் கேட்டு, உடனே சட்டப்படி புகாராகப் பதிந்து, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பந்தோபஸ்து நாட்களில் மன்றம் பூட்டிக் கிடக்காதிருக்க, ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் மாற்று ஏற்பாடாக முன்னரே அமர்த்திக்கொள்ளுங்கள்.