மூட்டுவலி மாத்திரையோடு மூலிகையும் சாப்பிடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

“வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டால் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவோம். காலையில் விழுங்கிய மூலிகை கேப்சூல் மட்டும் வாயில் வராது, ஏனென்றால் நம் கணக்கில் அது மருந்தே இல்லை. முதல் தவறு இதுதான், மற்றதில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். சமையலில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் என்ற சத்து கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே வெளியே போய்விடும். கேப்சூல் அப்படியில்லை. ஒன்றிலேயே 500 மில்லிகிராம் இருக்கும், அதை உடம்பு நன்றாக உறிஞ்சட்டும் என்று மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்த்திருப்பார்கள். இந்த மாதிரி கேப்சூலால் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் உண்டு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை எழுதுவது கல்லீரலையும் கண்காணிக்கத்தான். அதில் எண் ஏறியிருந்தால் டாக்டரின் சந்தேகம் மெத்தோட்ரெக்சேட் மேல்தான் விழும், நல்ல பலன் தந்துகொண்டிருந்த மருந்து நின்றுபோகும், கேப்சூல் டப்பா மட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

“எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்” என்று விற்பதையெல்லாம் வாங்குவது அடுத்த தவறு. முடக்குவாதத்தில் மூட்டைத் தாக்குவதே அந்த எதிர்ப்பு சக்திதான். அதை அடக்கத்தான் மாத்திரை. ஒரு கையால் அடக்கிக்கொண்டு மறு கையால் எக்கினேசியா என்ற வெளிநாட்டு மூலிகையையோ அஸ்வகந்தாவோ கொடுத்து உசுப்பிவிடும் வேலை எதற்கு?

டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே வயிற்றைப் புண்ணாக்கக்கூடியவை. வலிக்கு மூலிகையாக விற்கும் வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின் ஆஸ்பிரினின் உறவுக்காரன், ஆகவே வலி மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மலம் கறுப்பாகப் போனாலோ, லேசாக இடித்ததற்கே தோல் கன்றிப்போனாலோ உடனே காட்டுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அதிமதுரம் ஆகாது: பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும்.

அப்புறம், மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்வது அபூர்வம். ‘ஆர்ட்ரி கிங்’ என்று விற்ற மூட்டுவலி மாத்திரையில் லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்ததை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் கண்டுபிடித்து எச்சரித்தது. இதில் இன்னொரு சிக்கல், பயந்துபோய் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து; ஸ்டீராய்டு பழகிய உடம்புக்கு டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலி குறைந்துவிட்டதே என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக விடுவதும் வேண்டாம். முடக்குவாதத்தில் வலி அடங்கியிருக்கும்போதே உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, மூலிகையை விட மனமில்லையா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் புதிதாக ஆரம்பியுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பெயரை நினைவில் வைத்துக்கொண்டு திணறாமல் டப்பாவையே பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஆபரேஷன் ஏதாவது இருந்தால் 2 வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.