விடுப்பிலும் தீராத மரத்துப்போன மனசு

ஐசியூவில் வேலை பார்க்கும் எனக்கு, நோயாளி இறந்தாலும் எதுவும் உறைக்கவில்லை. வீட்டில் மைக்ரோவேவ் பீப் அடித்தாலோ வென்டிலேட்டர் அலாரம் என்று பதறினேன். விடுப்பு எடுத்தேன், ஷிப்ட் மாற்றினேன், பலனில்லை. அப்புறம், பிறருக்கு உதவும் வேலையில் இருப்பவர்களின் மனநிலையை அளக்கும் ‘புரோக்வால்’ (ProQOL) கேள்வித்தாளை நிரப்பினேன். 30 கேள்விகள், 3 தனி மதிப்பெண்கள். பலர் மூன்றையும் கூட்டிவிடுகிறார்கள், கூட்டக் கூடாது. எனக்குப் பணிச்சோர்வு குறைவு, பிறர் துயரத்தைப் பார்த்துப் பார்த்து வரும் அதிர்ச்சிதான் அதிகம். வெறும் ஓய்வு ஏன் உதவவில்லை என்று புரிந்தது.

அமெரிக்கச் செவிலியர் ஜொனதன் பார்ட்டெல்ஸ் தொடங்கிய முறையை எங்கள் வார்டில் எடுத்துக்கொண்டோம்: இறப்புக்குப் பின், அடுத்தவருக்காகப் படுக்கையைத் துடைக்கும் அவசரம் தொடங்குமுன், எல்லோரும் சுற்றி நின்று சிறிது நேரம் மௌனம். மெல்ல மெல்ல அழுகையும் வந்தது, தூக்கமும் வந்தது. பெரிய நிம்மதி. ஒன்று மட்டும்: மானிட்டரை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அலாரம் அடிக்கும்.