எஸ்.எஃப்.6 பிரேக்கரில் காஸ் குறைந்தால்: நிரப்பும் முன், திறக்கும் முன்

எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) என்பது, மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கருக்குள் மின்பொறியை அணைக்க அடைத்துவைக்கும் காஸ். அது குறைந்ததாக அலாரம் அடித்ததும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் நிரப்பிவிடுவதுதான் இந்த வேலையில் சகஜமான தவறு. ஓட்டை அப்படியே இருக்க, நிரப்பியதும் அதே வழியில் போகும். 1 கிலோ எஸ்.எஃப்.6 காற்றில் கலப்பது, நூறாண்டுக் கணக்கில் சுமார் 23.5 டன் கார்பன் டை ஆக்சைடை விடுவதற்குச் சமம்.

முதலில், உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? 20 டிகிரியில் 6 பார் தனி அழுத்தம் (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பது) இருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொள்ளும் சாதாரண கேஜில் அது 5 பார். அதே காஸ் 35 டிகிரியில் தனி அழுத்தமாக ஏறக்குறைய 6.3, 5 டிகிரியில் 5.7. காஸின் அடர்த்தியைக் கண்காணித்து அலாரம் கொடுக்கும் டென்சிட்டி மானிட்டர் இந்த வெப்ப வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் மானிட்டர் மேல் மட்டும் வெயில் விழுந்து டேங்க் நிழலில் இருந்தால் பொய் அலாரம் வரும். விடியற்காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குறைவு நிஜம்தான் என்றால் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்ட இணைப்பு விளிம்பு), வால்வு, மானிட்டர் இணைப்பு என்று கசிவு டிடெக்டரை மெதுவாக நகர்த்துங்கள். சந்தேகமான இடத்தில் சோப்புக் கரைசல் போதும். காற்று வீசினால் டிடெக்டரை நம்பாதீர்கள். இணைப்பைப் பாலிதீனால் சுற்றி, சில மணி நேரம் கழித்து அடிப்பகுதியில் அளந்து பாருங்கள். இந்த காஸ் காற்றைவிட ஐந்து மடங்கு கனம், கீழேதான் தேங்கும்.

நிரப்பும்போது ஹோஸில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் எடுங்கள். காஸைத் திறந்துவிட்டு ஹோஸைக் கழுவும் பழக்கம் வேண்டாம். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை அதன் கேஜ் சொல்லாது. உள்ளே திரவம் இருக்கும்வரை, 20 டிகிரியில், முக்கால் சிலிண்டரும் கால் சிலிண்டரும் ஒரே 21 பார்தான் காட்டும். முன்னும் பின்னும் தராசில் வைத்து, வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

பழுது பார்க்க பிரேக்கரின் டேங்கைத் திறப்பது வேறு கதை. மின்பொறியில் சிதைந்த காஸிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு, சல்ஃபர் டை ஆக்சைடு எல்லாம் வரும். நல்ல எஸ்.எஃப்.6-க்கு வாசனையே கிடையாது. மூக்கில் ஏறும் நெடி வந்தால் உடனே வெளியேறுங்கள். காஸை மீட்பு இயந்திரத்தால் 20 மில்லிபாருக்குக் கீழே உறிஞ்சி, உலர்ந்த நைட்ரஜனால் அலசிய பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். நைட்ரஜனும் மூச்சடைக்கும், கேபிள் குழியில் இறங்கும் முன் ஆக்சிஜன் மீட்டரை முதலில் கீழே விடுங்கள்.

உள்ளே வெள்ளை, சாம்பல் நிறப் பொடி தெரிந்தால் துடைப்பமோ அழுத்தக் காற்றோ கூடாது. பொடியில் ஈரம் பட்டால் அமிலம் உருவாகும், வியர்த்த தோலிலும்தான். முகக்கவசம், கையுறை, தூக்கி எறியும் உடுப்போடு, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனரால் எடுங்கள். டேங்குக்குள் ஈரத்தை உறிஞ்ச வைக்கும் புது உறிஞ்சிப் பைகளைக் கடைசியில்தான் உறையிலிருந்து பிரிக்க வேண்டும். திறந்தபடி கிடந்தால், மூடும் முன்பே அறையின் ஈரத்தைக் குடித்துத் தீர்ந்துவிடும்.