அழாத குழந்தையிடம் முதலில் போங்கள்: குழந்தைகள் வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக டூட்டிக்கு வரும் நர்ஸ் முதல் வாரத்திலேயே ஒரு தவறைச் செய்துவிடுவார். நானும் செய்திருக்கிறேன். எந்தக் குழந்தை வீறிட்டு அழுகிறதோ, அதை நோக்கி ஓடுவோம். அம்மா பதறுகிறார், பாட்டி கூப்பிடுகிறார், பக்கத்துக் கட்டில்காரர்கள் நம்மையே பார்க்கிறார்கள், ஓடாமல் எப்படி? ஆனால் அப்படி அழுவதற்கு மூச்சு வேண்டும், தெம்பு வேண்டும். இரண்டும் உள்ள குழந்தை ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளும். மூலைக் கட்டிலில், "இப்பதான் சிஸ்டர், அசந்து தூங்குது" என்று அம்மா சொல்கிறாரே, அந்தக் குழந்தைக்குத்தான் அவசரம் இருக்கலாம். ஊசி குத்தும்போதுகூட முகம் சுளிக்காத குழந்தையைச் சமர்த்து என்று பாராட்டிவிட்டு நகரக் கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

பெரியவர்கள் வார்டிலிருந்து மாறி வருபவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பி.பி. சரியாக இருந்தால் நிம்மதியாகிவிடுவார்கள். வாந்தி, பேதியில் நீர் வற்றிய குழந்தைக்கு முதலில் நாடி வேகமாகும், கைகால் சில்லிடும். தோலை அமுக்கிவிட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் பிடிக்கும். சிறுநீர் குறையும், கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழி உள்வாங்கும். பி.பி. விழுவது கடைசியில்தான். அதற்காகக் காத்திருந்தால் பாதி நேரத்தைத் தொலைத்துவிட்டோம் என்று பொருள்.

மூச்சு எண்ணுவதிலும் இதே அவசரம்தான். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கி எழுதிவிடுவார்கள். பச்சிளங்குழந்தை வேகமாக நாலு மூச்சு விடும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி விடும். அதனால் ஒரு முழு நிமிடம் எண்ணியே ஆக வேண்டும், அதுவும் தெர்மாமீட்டரை எடுத்து அழவைப்பதற்கு முன்னால், அம்மா மடியில் இருக்கும்போதே. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமூச்சு. சட்டையைத் தூக்கி மார்பைப் பார்க்காமல், விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் ரத்த ஆக்ஸிஜனை 97 சதவீதமாகக் காட்டுகிறது என்று போய்விடுவதும் தவறு. விலாவுக்குக் கீழே மார்புக்கூடு உள்ளிழுத்தபடி, மூக்கு விடைத்தபடி மூச்சுவிடும் குழந்தை அந்த 97-ஐப் பெரும்பாடு பட்டுத்தான் வைத்திருக்கிறது. களைத்துப்போனால் எண் சட்டென்று இறங்கிவிடும்.

அடுத்தது எடை. நம் ஊர்க் குழந்தைக்கு இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு, அதற்கு மேல் நனைந்த டயபர். 3 கிலோ குழந்தையிடம் இவை எல்லாம் சேர்ந்து கால் கிலோவரை வந்துவிடலாம். நேற்று அத்தனையோடும் எடை பார்த்து, இன்று கழற்றிவிட்டுப் பார்த்தால், ஒரே நாளில் கால் கிலோ இறங்கிவிட்டதாகக் கேஸ் ஷீட்டில் பதிவாகும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுப்பார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தினமும் ஒரே நேரத்தில், அதே தராசில் பாருங்கள். அரைஞாணைக் கழற்ற மாட்டோம் என்று வீட்டார் மறுத்தால் சண்டை வேண்டாம். ‘அரைஞாணோடு’ என்று பக்கத்தில் எழுதி, மறுநாளும் அப்படியே எடுத்தால் போதும்.

மருந்தின் அளவு அந்த எடையிலிருந்துதான் வருகிறது. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. கடையில் கிடைக்கும் சிரப்பில் ஒன்று 5 மி.லி.யில் 125 மி.கி., இன்னொன்று 5 மி.லி.யில் 250 மி.கி. டிராப்ஸோ ஒரே மி.லி.யில் 100 மி.கி. ஆக அதே 150 மி.கி. என்பது முதல் பாட்டிலில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., டிராப்ஸில் ஒன்றரை மி.லி.தான். "6 மி.லி. கொடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டிலிருக்கும் டிராப்ஸை அம்மா 6 மி.லி. அளந்து ஊற்றக்கூடும். அது 600 மி.கி. ஒரு நாள் முழுவதற்கும் உள்ள அளவு ஒரே மடக்கில் போய்விடும். எந்தப் பாட்டில், எத்தனை மி.லி., எதில் அளப்பது என்பதை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். டீஸ்பூன் கணக்கு வேண்டவே வேண்டாம், சிரிஞ்சோ அளவுமூடியோ கொடுங்கள். எழுதும்போதும் 5.0 என்று எழுதாதீர்கள்; புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். 12 கிலோ குழந்தை, வாய்வழி ஒன்றும் கொடுக்கக் கூடாது, டிரிப் போட வேண்டும். முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20 என்ற 1957-ஆம் ஆண்டின் ஹாலிடே-சேகர் கணக்குப்படி நாளைக்கு 1100 மி.லி., அதாவது மணிக்கு 46 மி.லி. மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி. என்பதால் நிமிடத்துக்கு 46 சொட்டு வைத்தால் கணக்கு நேராகிவிடும். நான் சொட்டை எண்ணிச் சரியாக 46 வைத்தேன். ஆனால் அன்று கையில் கிடைத்தது பெரியவர்களுக்கான செட். அதில் 20 சொட்டே ஒரு மி.லி. மணிக்கு 138 மி.லி. ஓடியிருக்கிறது, மூன்று மடங்கு! அரை மணி நேரத்தில் சீனியர் சிஸ்டர் பாட்டிலைப் பார்த்துப் பிடித்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. இன்றும் சொட்டை எண்ணுவதற்கு முன் செட்டின் உறையில் அச்சிட்டதைப் படிப்பேன்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தவறு வேறு வடிவில் வரும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டதும் வீட்டார் முகம் மலரும், நாமும் கட்டிலைக் காலி செய்யப் பார்ப்போம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து குழந்தை சாய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு எதுவானாலும் காய்ச்சல் இல்லாத குழந்தையிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. பயந்துபோய் டிரிப்பை அள்ளி ஏற்றுவதும் ஆபத்து. கசிந்த நீர் நுரையீரலைச் சுற்றிச் சேரும்.

பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 1980-கள் வரை மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பியது. மயக்க மருந்து போதாமல் செய்யும் அறுவை, குறைமாதக் குழந்தையின் உடலை எவ்வளவு உலுக்குகிறது என்பதை 1987-இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது அம்மா தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலே வலி குறையும். இதற்குச் செலவும் இல்லை, ஆர்டரும் வேண்டாம்.

பாட்டிகள் விஷயத்துக்கு வருவோம். உரை மருந்து கொடுத்தேன், உரம் எடுத்தேன் என்று ஒரு பாட்டி சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டுகிற நர்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு சரி, அந்த வீட்டிலிருந்து அடுத்த தகவல் வராது. "என்ன கொடுத்தீங்க பாட்டி, எத்தனை தடவை?" என்று சாதாரணமாகக் கேட்டால் டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிடும். கையில் கட்டிய வசம்பு கட்டியபடியே இருக்கட்டும், குழந்தை வாயில் வைக்காதவரை. மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போகும்.

வளரிளம் வயதினரைக் குழந்தையாகவே நடத்துவதுதான் இந்த வார்டில் அதிகம் பேசப்படாத தவறு. 15 வயதுப் பெண், வயிற்றுவலி. எல்லாக் கேள்விக்கும் அம்மா பதில் சொல்கிறார். கடைசி மாதவிலக்கு எப்போது என்பதை அந்தப் பெண்ணிடம், அம்மா இல்லாத இரண்டு நிமிடத்தில் கேட்க வேண்டும். ஆனால் பேச வைப்பதற்காக "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்வதுதான் நேர்மை.

பையன்கள் இன்னும் மோசம், வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். 14 வயதுப் பையன் திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்கிறான், வாந்தியும் எடுக்கிறான். கேஸ் தொல்லை என்று ஊசி போட்டுப் படுக்க வைக்காமல், திரையை இழுத்துவிட்டு நேராகவே கேளுங்கள்: "தம்பி, விதைப்பையில வலி இருக்கா?" விதை முறுக்கிக்கொண்டிருந்தால், வலி தொடங்கியதிலிருந்து சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால்தான் பெரும்பாலும் அதைக் காப்பாற்ற முடியும். அவன் தலையாட்டினால் வலி தொடங்கிய நேரத்தைக் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதுங்கள், வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், ஸ்கேனுக்கு வரிசையில் உட்கார வைக்காமல் சர்ஜனுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.