வெள்ளம் வருமுன் பாடசாலையும் அயலும்: கொழும்பில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கொழும்பில் வெள்ளம் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. ஒரு மணி நேரம் கொட்டும் மழையில் கானும் கால்வாயும் பொங்கி ஒழுங்கைக்குள் ஏறுவது ஒரு வகை. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மற்றது களனி கங்கை பெருகுவது. மலைநாட்டில் பெய்த மழை கித்துல்கல, ஹங்வெல்ல கடந்து கொழும்புக்கு வந்துசேர ஏறக்குறைய ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கண்டது இந்த வெள்ளத்தைத்தான். "மழை விட்டுது, இனிப் பயமில்லை" என்று சாமான்களைக் கீழே இறக்கி வைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கங்கை உயர்ந்து நிற்கும்போது கால்வாய் நீரும் ஆற்றுக்குள் வடிய முடியாமல் உள்ளேயே தேங்கும்.

கொழும்பில் களனி கங்கையின் உயரத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அடியில் அறிவிக்கிறது. 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். வானொலியில் இதைக் கேட்டும் பலர் அசையாமல் இருப்பது அலட்சியத்தால் அல்ல. அந்த 7 அடி தங்கள் வாசலில் எத்தனை அங்குலம் என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. இதைக் கண்டுபிடிக்கத் தரம் 9 மாணவர்களே போதும். ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி, ஒரு சோக்கட்டி. வெயில் நாளில், ஆசிரியர் ஒருவருடன் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், முந்திய வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே நிற்கிறது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, நிலத்திலிருந்து அந்தக் கறை வரை அளக்க வேண்டும். கறை எந்த ஆண்டுக்குரியது என்று எழுதாவிட்டால் அளவு பயன்படாது. ஒரே வீட்டில் இரண்டு கறை இருந்தால் இரண்டையும் குறிக்கலாம். பிறகு அந்த ஆண்டு நாகலகம் வீதியில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைத் திணைக்களப் பதிவில் பார்த்துப் பக்கத்தில் எழுதினால், "அங்கே இத்தனை அடி என்றால் நம் ஒழுங்கையில் முழங்கால்" என்ற கணக்கு கிடைக்கும். அதைக் கடைச் சுவரிலும் கோயில், பள்ளிவாசல் வாசலிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். ஒரு மொழியில் மட்டும் ஒட்டிய அறிவித்தல் கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் பாதி வீட்டுக்குப் போய்ச் சேராது.

அதே நடையில் வீட்டுக்கு வீடு இன்னொன்றையும் கேட்கலாம்: நடக்க முடியாதவர், இன்சுலின் போடுபவர், கைக்குழந்தை, தனியாக இருக்கும் முதியவர் யாராவது உண்டா? இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது. கிராம உத்தியோகத்தரிடமும் ஒழுங்கைப் பொறுப்பாளர் ஒருவரிடமும் இருந்தால் போதும்.

அடுத்தது ஒத்திகை. எல்லா ஆபத்துக்கும் ஒரே ஒத்திகை போதாது. மணி அடித்ததும் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்துவது தீ விபத்துக்குச் சரி. வெள்ளத்தில் முதலில் நீர் தேங்குவது பெரும்பாலும் அந்த மைதானத்தில்தான். அப்போது போக வேண்டிய இடம் மேல்மாடி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கரையோரத்துப் பாடசாலைகளுக்குச் சுனாமி எச்சரிக்கை வந்தால், ரயில் பாதையையும் கடலையும் விட்டு உட்பக்கம் நகர வேண்டும், நேரமில்லையென்றால் உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏற வேண்டும். ஆகவே மூன்று சைகை, மூன்று வழி. மின்சார மணியை நம்பவும் கூடாது, வெள்ளத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். கைமணி ஒன்றும் பற்றரி போட்ட ஒலிபெருக்கி ஒன்றும் அதிபர் அறைக்கு வெளியே, எவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒத்திகையில் எவரும் பழகாத பகுதி, பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைப்பது. எச்சரிக்கை வந்ததும் தாய், தந்தை, பெரியப்பா, முச்சக்கரவண்டிக்காரர், ஸ்கூல் வேன் சாரதி எல்லோரும் ஒரே வாசலில் நெருக்குவார்கள். ஃபோன் லைன் கிடைக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கூட்டிப்போக அனுமதியுள்ள இரண்டு பேரின் பெயர் எழுதிய அட்டை வகுப்பாசிரியரிடம் காகிதத்தில் இருக்க வேண்டும். கணினியில் மட்டும் இருந்தால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும். ஒரு வாசல் உள்ளே வர, மற்றது வெளியே போக. ஒப்படைத்த நேரமும் கையொப்பமும் அட்டையின் பின்பக்கத்தில்.

பாடசாலை முகாமாக மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேருக்கு இடம் உண்டு என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் (Sphere) என்ற சர்வதேச நியமம் ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் கேட்கிறது. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஏறக்குறைய 37 சதுர மீற்றர், அதாவது பத்துப் பேர். கீழ்மாடி நீரில் நின்றால் மேல்மாடி அறைகளை மட்டுமே எண்ண வேண்டும். இந்தக் கணக்கைச் செய்தால்தான் மிச்சப் பேருக்கு எந்த மண்டபம், எந்த விகாரை, எந்தக் கோயில் என்று பிரதேச செயலகத்தோடு முன்பே பேச முடியும். மலசலகூடம் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, நாட்கள் நீளும்போது 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று மடங்கு. உள்ளே கொளுக்கி, வெளியே வெளிச்சம் இரண்டும் இல்லையென்றால் இரவில் பெண் பிள்ளைகள் போக அஞ்சி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். இது சிறிய விடயம் அல்ல.

இந்த ஏற்பாடு அனைத்தும் ஒரு திறப்பால் கெட்டுப்போகலாம். வாசல் திறப்பு காவலாளியிடம், அவர் வீடு வெள்ளத்துக்கு அப்பால். மாடிக் கிறில் கதவுத் திறப்பு உப அதிபரிடம், அவர் வேறு ஊரில். மூன்று தொகுதித் திறப்பு செய்யுங்கள்: பாடசாலையில் ஒன்று, கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, நடந்து வரக்கூடிய தூரத்தில் உயரமான இடத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் ஒன்று. ஒவ்வொன்றிலும் எந்தக் கதவு என்று பெயின்ற்றால் எழுதுங்கள்.

தொலைபேசிப் பட்டியலைத் தவணைக்கு ஒரு முறை, ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்துப் பார்த்துத் திருத்துங்கள். அலுவலர்கள் இடமாற்றமாகிப் போயிருப்பார்கள். மாறாதவை: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110, பொலிஸ் 119. வாட்ஸ்அப்பில் பழைய வெள்ளத்தின் வீடியோ சுற்றும்போது, நேரமும் எங்கிருந்து வந்தது என்பதும் இல்லாத செய்தியைப் பகிர்வதில்லை என்று குழுவில் முன்பே முடிவெடுத்திருந்தால் பாதிக் குழப்பம் குறையும்.

நீர் வடிந்ததும் மாணவர்களைக் கொண்டு வகுப்பறை கழுவ வைக்காதீர்கள். அந்தச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் வெட்டுக்காயம் உள்ள எவரும் இறங்கக் கூடாது. சப்பாத்தும் கையுறையும் அணிந்த பெரியவர்கள் மட்டும், அதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு, தடுப்பு மாத்திரை தேவையா என்று தெரிந்துகொண்ட பிறகு. நனைந்த பிளக்பொயின்ற்றை மின்னியலாளர் பார்க்கும் வரை மெயின் சுவிட்சைப் போட வேண்டாம்.